ஷாகித்தா, தன்ராஜா? எழும்பூர் கேலரியின் தீராத வழக்கு!

சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் எந்தப் பெரிய போட்டி நடந்தாலும், பார்க்க வந்தவர்களுக்குள் இன்னொரு போட்டியும் நடக்கும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே யாராவது திரியைக் கொளுத்திப் போடுவார். "என்ன இருந்தாலும் ஷாகித் மாதிரி வராதுங்க." அவ்வளவுதான். முன் வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பும். "தன்ராஜ் ஆடி நீங்க பாத்ததில்லையா சார்?" அதற்குப் பிறகு மைதானத்தில் விழுகிற கோல்கூட இரண்டாம்பட்சம்தான்.

கிரிக்கெட் ரசிகர்கள் சண்டை போட்டால் எண்களை எடுத்து வீசலாம். இத்தனை சதம், இவ்வளவு சராசரி என்று வாயை அடைக்கலாம். ஹாக்கி ரசிகருக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் டாட்ஜ் செய்து மூன்று பேரைத் தாண்டியதை எந்த ஸ்கோர் ஷீட்டிலும் எழுதி வைப்பதில்லை. அதனால் அவர் எழுந்து நின்றுதான் வாதாட வேண்டும். குடை இருந்தால் குடை, இல்லையென்றால் சுருட்டிய செய்தித்தாள் ஸ்டிக்காகிவிடும். இடது தோளை இறக்கி, வலப்பக்கம் போவதுபோல் காட்டி, மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பி, "இப்படி... இப்படிப் போனாருய்யா!" என்பார். அவர் சொல்லும் ஆட்டம் நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஒலிம்பிக்கில் 8 தங்கம் உட்பட 13 பதக்கம் வாங்கிய அணி நம்முடையது. ஆனால், இந்த ரசிகர்களின் பேச்சைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும். பதக்கப் பட்டியல் ஒன்று. ரசிகர்கள் மனதில் வைத்திருக்கும் பட்டியல் வேறொன்று. இரண்டும் அங்கங்கே தொட்டுக்கொள்ளும், முழுசாகப் பொருந்தாது.

கோலாலம்பூரிலிருந்து வந்த குரல்

மூத்தவர்கள் பெரும்பாலும் 1975-ல்தான் ஆரம்பிப்பார்கள். கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை அது. நம்மூரில் அந்த ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தவர்களைவிட, ஜஸ்தேவ் சிங்கின் ஹிந்தி வர்ணனையில் காதால் பார்த்தவர்களே அதிகம். மொழி முழுசாகப் புரியாதவர்களுக்கும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தில் பந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

அரையிறுதியில் மலேசியா 2-1 என்று முன்னிலை. நேரம் கரைந்துகொண்டே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். பெனால்டி கார்னர் கிடைத்தது. கழுத்தில் தொங்கிய தாயத்தை முத்தமிட்டார், அடித்தார், கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொரு கோல் போட, இந்தியா இறுதிக்குப் போனது. அஸ்லமின் அப்பா அகமது ஷேர் கான், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தியான் சந்தோடு ஆடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் எந்த மூத்த ரசிகரும் இந்தக் கதையை முடிக்க மாட்டார்.

மார்ச் 15 அன்று இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். முதல் கோல் அவர்களுடையது. பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்தார். பிறகு தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து, கோல் கம்பத்தின் உள்மூலையில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே போனதா, போகவில்லையா? மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் என்று கை காட்டினார். பாகிஸ்தான் வீரர்கள் மறுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2-1. இந்தியா வாங்கிய ஒரே ஹாக்கி உலகக் கோப்பை அதுதான்.

அந்த அணிக்கு கேப்டன் அஜித் பால் சிங். சென்டர் ஹாஃபில் நின்றபடி ஆட்டத்தின் வேகத்தையே கூட்டிக் குறைத்தவர். ஆனால் சென்னைக்காரர்கள் அவரைச் சொன்ன கையோடு, வலது ஓரத்தில் ஓடிய வி.ஜே.பிலிப்ஸுக்குத் தாவிவிடுவார்கள். நம்மூர்ப் பையன் ஆயிற்றே! அவர் அண்ணன் வி.ஜே.பீட்டர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும், 1968-ல் வெண்கலமும் வாங்கியவர். ஒரே வீட்டில் ஒலிம்பிக் தங்கமும் உலகக் கோப்பையும். இப்படி ஒரு குடும்பம் கிரிக்கெட்டில் இருந்திருந்தால் தெருவுக்குப் பெயர் வைத்திருப்பார்கள் என்று சிலர் பொருமுவது நியாயம்தான்.

"ஆறே டீம்தானே?"

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். இந்தியா 7-வது இடம். புல்தரையில் பந்தை ஸ்டிக்கோடு வைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து போகும் நம் ஆட்டத்துக்கு, வேகமும் ஓட்டமும் கேட்கும் அந்தத் தரை ஒத்துவரவில்லை.

பிறகு 1980 மாஸ்கோ. கேப்டன், லயோலா கல்லூரியில் படித்த வாசுதேவன் பாஸ்கரன். தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று நொறுக்கிய அணி, போலந்தோடும் ஸ்பெயினோடும் டிரா செய்தது. ஜூலை 29 அன்று மறுபடியும் ஸ்பெயின், இம்முறை இறுதி ஆட்டத்தில். 3-0 என்று ஏறிப்போன இந்தியாவை ஸ்பெயினின் ஹுவான் அமாத் விடாமல் துரத்தினார். அவர் ஹாட்ரிக் அடித்தும் 4-3 என்று தங்கம் நமக்கு. அந்த நாலாவது கோலை அடித்தவர் 20 வயது முகமது ஷாகித்.

இந்த இடத்தில் கேலரியில் யாராவது குறுக்கே வருவார்கள். "ஆறே டீம்தானே சார்? பாகிஸ்தான் வரலை, ஜெர்மனி வரலை, ஆஸ்திரேலியா வரலை." ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தது உண்மை. பாஸ்கரனின் ரசிகர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். வந்தவர்களை ஜெயிப்பதுதானே ஆட்டக்காரன் வேலை, வராதவர்களை எங்கே போய்த் தேடுவது என்பார்கள். சுரிந்தர் சிங் சோதி அந்தத் தொடரில் 15 கோல் அடித்தார். ஆனாலும் பேச்சு சோதியிடம் அதிக நேரம் நிற்பதில்லை. ஹாஃப் வரிசையில் பதறாமல் நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்த பாஸ்கரனிடமும், பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டிய ஷாகித்திடமும்தான் வந்து சேரும்.

வாரணாசியின் மணிக்கட்டு

வாரணாசிக்காரரான ஷாகித்தைப் பற்றிப் பேசும்போது யாரும் மாஸ்கோ தங்கத்தை முதலில் சொல்வதில்லை. அவர் ஓடிக்கொண்டே பந்தை விட்டுக் கொடுக்கும் விதத்தைச் சொல்வார்கள். முழு அடியும் இல்லாமல், வெறும் தள்ளலும் இல்லாமல், பாதி அடி பாதி தள்ளலாக ஒரு பாஸ். பந்து எப்போது கிளம்பும் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. இடது ஓரத்தில் ஜாஃபர் இக்பாலுக்கு மட்டும் தெரியும். இருவரும் சேர்ந்து இடப்பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்ட அந்த ஆண்டுகளைத்தான், இந்திய ஹாக்கியின் கடைசிப் புல்தரை அழகு என்று பலர் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் பாதி ஆட்டம் செயற்கைத் தரையில்தான் நடந்தது.

இதே ஜோடி 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியிலும் ஆடியது. ஜாஃபர்தான் கேப்டன். பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். பழி முழுவதும் கோல் கீப்பர் மீர் ரஞ்சன் நேகியின் தலையில் இறங்கியது. ஒரே ஆட்டத்தில் நாடே ஓர் அணியை வெறுத்த நாள் அது. ஆனால் அதற்குப் பிறகும் ஷாகித் ஆடுகிறார் என்றால் கூட்டம் வந்தது. 2016 ஜூலையில், 56 வயதில் அவர் இறந்தபோது இங்குள்ள ரசிகர்கள் நினைத்துப் பேசியதும் பந்தோடு அவர் போன போக்கைத்தான்.

சென்னை ரசிகர்கள் இவ்வளவு நெருக்கமாகப் பேசக் காரணம் உண்டு. 1901-ல் தொடங்கிய எம்.சி.சி. போட்டி, பின்னாளில் எம்.சி.சி.-முருகப்பா தங்கக் கோப்பையானது. இந்தியன் ஏர்லைன்ஸ், பஞ்சாப் போலீஸ் என்று நாட்டின் பெரிய அணிகள் இங்கே வந்தன. எதிரே ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. போன்ற நம்மூர் அணிகள். நேற்று ஒலிம்பிக்கில் ஆடியவர் இன்று கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்று தண்ணீர் குடிப்பார். டி.வி.யில் மட்டுமே பார்த்த நட்சத்திரத்தை வியக்கலாம். மூச்சு வாங்குவது காதில் கேட்கும் தூரத்தில் பார்த்தவரை உரிமையோடு திட்டவும் கொஞ்சவும் முடியும்.

ஒலிம்பிக் பதக்கமே இல்லாத பேரரசர்

இப்போது அந்த வழக்கின் இன்னொரு கட்சிக்காரர். புனே அருகே கட்கியில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளை. அப்பா நாகலிங்கம் ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் மைதானத்தைப் பராமரித்தவர். உடைந்த ஸ்டிக்குகளைக் கயிறு சுற்றி ஆடப் பழகிய அந்தப் பையனுக்கு ஆதர்சம் யார் தெரியுமா? முகமது ஷாகித்! கேலரியில் இரு தரப்பும் மூச்சுமுட்டச் சண்டை போடும்போது இதை நினைவுபடுத்தினால் ஒரு நிமிடம் அமைதி வரும். அப்புறம் மறுபடி தொடங்கும்.

1989-ல் அறிமுகம். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராஃபி, நான்கு ஆசிய விளையாட்டு. இப்படி நாலுக்கு நாலு ஆடியவர் உலகிலேயே இவர் ஒருவர்தான். இத்தனையிலும் ஓர் ஒலிம்பிக் பதக்கம் இல்லை, ஓர் உலகக் கோப்பைப் பதக்கம் இல்லை.

2000 சிட்னி ஒலிம்பிக்கைக் கேட்டுப் பாருங்கள். போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்தது. வாய்ப்பு போனது. தன்ராஜ் அழுதார். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கிடைத்தது. தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டம் டைபிரேக்கருக்குப் போக, கோல் கீப்பர் ஆசிஷ் பல்லால் காப்பாற்றிக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் தன்ராஜ், பல்லால் உட்படப் பலரை அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். தங்கம் வாங்கியதற்குக் கிடைத்த பரிசு! அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை. அவரைப் பற்றி 2007-ல் வந்த வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பே 'ஃபர்கிவ் மீ அம்மா'.

ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கில் என் ஓட்டு தன்ராஜுக்குத்தான். ஷாகித்திடம் கலை அதிகம், மறுக்கவில்லை. ஆனால் தன்ராஜ் ஆடிய காலம் ஒலிம்பிக் பதக்கமே இல்லாத காலம். கிரிக்கெட் மொத்தக் கூட்டத்தையும் வாரிக்கொண்டு போன காலம். அப்போது பந்து அவரிடம் போனதும் கேலரி மொத்தமும் தன்னையறியாமல் எழுந்து நின்றது. முடி பறக்க, இரண்டு கையாலும் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரணியின் வட்டத்துக்குள் அவர் நுழைகிற நேரத்தில் நாம் எத்தனை கோல் பின்தங்கியிருக்கிறோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. தோற்ற அணியைப் பார்க்க அடுத்த முறையும் ஜனங்களை வரவழைத்ததுதான் அவருடைய சாதனை.

அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஒலிம்பிக்குகளில் கேப்டனாக இருந்த பர்கத் சிங், பின்களத்திலிருந்து தானே பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒடிஷாவின் சுந்தர்கட் பழங்குடிக் கிராமத்திலிருந்து வந்து 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய திலீப் திர்க்கி, சத்தமே இல்லாமல் பந்தைப் பறிப்பார். சென்னையின் முகமது ரியாஸ் இரண்டு ஒலிம்பிக், கோவையின் ஆடம் சின்க்ளேர் ஏதென்ஸ் ஒலிம்பிக். இவர்கள் யாரிடமும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. கேலரியில் இவர்களுக்கு இடம் இல்லாமலும் இல்லை.

எழும்பூரில் திருவிழா, சாண்டியாகோவில் சாவு வீடு

2007 செப்டம்பரில் இதே எழும்பூரில் ஆசியக் கோப்பை. 'சக் தே இந்தியா' என்ற ஹாக்கிப் படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திலீப் திர்க்கி தலைமையிலான இந்தியா தொடர் முழுக்க 57 கோல் அடித்தது. இறுதியில் தென்கொரியாவை 7-2 என்று துவைத்தது. உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் நின்று பார்த்தவர்கள், ஹாக்கி திரும்பி வந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனார்கள்.

ஆறே மாதம். 2008 மார்ச், சிலியின் சாண்டியாகோ. ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் கிரேட் பிரிட்டனிடம் 0-2. 1928 முதல் ஒலிம்பிக் ஹாக்கியில் இடம்பிடித்து வந்த இந்தியா, பெய்ஜிங் போக முடியவில்லை. 2012 லண்டனுக்குப் போனோம். 12 அணிகளில் 12-வது இடம். அந்த நாலைந்து வருடம்தான் பழைய கதைகள் அதிகமாகப் புழங்கின. பேச நிகழ்காலம் ஒன்றும் தராதபோது, ரசிகர்கள் 1975-லும் 1980-லும் குடியிருந்தார்கள்.

தடுத்தவர் நாயகரான காலம்

41 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஒலிம்பிக் பதக்கப் பஞ்சம் தீர்ந்தது. வெண்கலத்துக்காக ஜெர்மனிக்கு எதிராக 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று எழுந்த ஆட்டம். ஆறு நொடி பாக்கி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். பி.ஆர்.ஸ்ரீஜேஷ் தடுத்தார். பிறகு கோல் கம்பத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கவனித்தீர்களா? இதுவரை நாம் பேசிய பெயர்களில் பெரும்பாலும் பந்தோடு முன்னேறியவர்கள். ஸ்ரீஜேஷோடு இது மாறுகிறது. ஆஃப்சைடு விதி 1990-களில் போனது. பெனால்டி கார்னரும் டிராக் ஃபிளிக்கும் ஆட்டங்களைத் தீர்மானிக்கத் தொடங்கின. மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு போக இடம் சுருங்கியது. பந்தைத் தடுப்பவருக்கும் கார்னரில் அடிப்பவருக்கும் மவுசு கூடியது. இன்றைய இளைஞர்களைக் கேட்டால் ஸ்ரீஜேஷ், ஹர்மன்ப்ரீத் சிங் என்று ஒரு கீப்பரையும் ஒரு டிஃபெண்டரையும் சொல்கிறார்கள். கீப்பருக்கான பேட் வாங்க வீட்டுப் பசுவை விற்ற ஸ்ரீஜேஷின் கேரளத்துத் தந்தையின் கதை, தன்ராஜின் கயிறு சுற்றிய ஸ்டிக் கதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

பெண்கள் அணிக்கும் இதே டோக்கியோவில்தான் ரசிகர் கூட்டம் பெருகியது. குர்ஜித் கவுர் அடித்த ஒற்றைக் கோலில் ஆஸ்திரேலியாவைச் சாய்த்து அரையிறுதிக்குப் போனார்கள். வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று நாலாவது இடம். வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகளான கேப்டன் ராணி ராம்பாலையும் கீப்பர் சவிதாவையும் நேசிக்க யாரும் பதக்கத்துக்குக் காத்திருக்கவில்லை.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபிக்காக இந்திய அணி மீண்டும் எழும்பூர் வந்தது. அரியலூரின் கார்த்தி செல்வம் சொந்த மண்ணில் இந்திய ஜெர்சியில் கோல் அடித்தபோது எழுந்த சத்தம் வேறு ரகம். இறுதியில் மலேசியாவிடம் இடைவேளையில் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று முடித்தார்கள். குடும்பத்தோடு வந்த தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் இருந்து பார்த்த தொடர் அது. அவரவருக்கு அவரவர் நாயகர்.

கேலரியின் பதினொருவர்

பல ஆண்டு வாதங்களைக் கேட்டதில், அடிக்கடி காதில் விழுந்த பெயர்களைக் கொண்டு நான் சேர்த்த அணி இது.

கோல்: ஸ்ரீஜேஷ்.
பின்களம்: பர்கத் சிங், திலீப் திர்க்கி.
ஹாஃப் வரிசை: லெஸ்லி கிளாடியஸ் (இவர்களுக்கெல்லாம் மூத்தவர்), அஜித் பால் சிங், பாஸ்கரன்.
முன்களம்: பிலிப்ஸ், அசோக் குமார், தன்ராஜ், ஷாகித், ஜாஃபர் இக்பால்.

பதினொருவரில் நான்கு பேரிடம் ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. தியான் சந்த் எங்கே என்று கேட்பீர்கள். அவரை யாரும் வாதத்துக்கே இழுப்பதில்லை. அவர் ஆடிப் பார்த்த கண்கள் கேலரியில் இல்லை, சாமியோடு யாரையும் ஒப்பிடுவதும் இல்லை. 1952 ஒலிம்பிக் இறுதியில் 5 கோல் அடித்த மூத்த பல்பீர் சிங்கை விட்டதற்கும், 1956, 60, 64 என்று மூன்று ஒலிம்பிக்கில் கோலைக் காத்த சங்கர் லக்ஷ்மணை விட்டதற்கும் கடிதங்கள் வரும் என்று தெரியும். வரட்டும்.

'மட்டும்' என்ற ஏக்கம்

2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடியும் வெண்கலம். ஹர்மன்ப்ரீத் இரண்டு கோல். தொடரில் மொத்தம் 10. ஸ்ரீஜேஷ் ஓய்வுபெற, அவருடைய 16-ம் எண் ஜெர்சிக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அன்று இரவே ரசிகர்கள் பேச ஆரம்பித்தது வெண்கலத்தைப் பற்றி அல்ல, ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்ற அரையிறுதியைப் பற்றி. காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கித் தடையில் இருந்த அமித் ரோஹிதாஸ் மட்டும் அன்று ஆடியிருந்தால்?

இந்த 'மட்டும்' மூத்தவர்களுக்குப் புதிது இல்லை. 1973 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்றும், 2-2 ஆகி, பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோப்பையை விட்டோம். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஒரு ஸ்ட்ரோக்கை கோவிந்தா மட்டும் உள்ளே தள்ளியிருந்தால் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களே, தாங்கள் பார்த்த மிக வேகமான ஃபார்வர்டு யார் என்றால் அதே கோவிந்தாவின் பெயரைச் சொல்வதும் உண்டு. தவறவிட்டவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது.

அந்த ஆட்டம் நடந்த ஊர் ஆம்ஸ்டெல்வீன். 2026 உலகக் கோப்பையை நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்துகின்றன. அதற்கான இரு மைதானங்களில் ஒன்று அதே ஆம்ஸ்டெல்வீனில். ஹர்மன்ப்ரீத்தின் தலைமுறைக்கு அது ஒரு நல்ல டர்ஃப். எழும்பூரின் மூத்த ரசிகர்களுக்கோ, 1973-ல் எழுதிய, இன்னும் தீராத பாக்கி.